நீ மூச்சு எடுத்துக்கோ

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். பல்கலைக்கழக மருத்துவமனையின் பின்வாசலிலிருந்து சிற்றாலயத்துக்கு ஒரு சாலை போகிறது. ஒரு பக்கம் ஆய்வுக்கூடங்களின் பின்சுவர். மறுபக்கம் இலை உதிர்ந்த மரங்கள். அந்த நேரத்தில் அங்கே சைக்கிள்கூடப் போகாது. நல்ல குளிர்...

அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள்.

அவள் நெட்டையின் அக்கா. நெட்டையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போன பருவம் வரை நம் மாலை வகுப்பில் என் பக்கத்து மேசையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். பகலில் வேன் ஓட்டுவான். மேசைக்கு அடியில் கால் அடங்காமல் நடைபாதையில் நீட்டி, தினமும் யாரையாவது தடுக்கி விழ வைப்பான். அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். கடைசிப் பகுதி மட்டும் நானே கண்ணால் பார்த்தது. அதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அக்கா நடந்து வருகிறாள். தூரத்தில் சிற்றாலயம். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருவது போலிருக்கிறது. உம்ம்ம்... என்று ஒரே ஸ்வரம். வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி. உள்ளே பாடகர் குழு பயிற்சி செய்கிறது என்று நினைத்தாள். அவளும் அந்தக் குழுவில் பாடுகிறவள்தான். அந்த ஸ்வரம் அவளுக்கு அத்துப்படி. இன்றைக்கு யாருக்கும் பாட மனம் வந்திருக்காதே என்று ஒரு யோசனை வந்தது. இருந்தாலும் கால் அந்தப் பக்கம் போயிற்று.

படியேறினாள். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு. சத்தம் மட்டும் நிற்கவில்லை... ரொம்பப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. கதவில் காதை வைத்தாள். மரத்தின் சில்லிப்பு. அணைந்த மெழுகின் வாசனை. உள்ளே ஒரு சலனமும் இல்லை.

அப்புறம்தான் விரல்களைத் தன் தொண்டையில் வைத்துப் பார்த்தாள்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

சத்தம் அவளிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருத்துவமனை வாசலிலேயே என்றால், அவ்வளவு தூரமும் அவள் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை.

இது விளங்க வேண்டுமானால் அந்தக் குழுவின் ஒரு பழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

நூலகத்துக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கல் கட்டடம்தான் சிற்றாலயம். மாணவர்கள் சாப்பல் என்பார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் பக்திமான்கள் இல்லை. பக்கக் கதவைப் போதகர் பூட்டவே மாட்டார் என்று முன்பு ஒரு பேச்சு உண்டு. அறையில் ஹீட்டர் இல்லாதவன், தேர்வுப் பயம் பிடித்தவள், ஊரை நினைத்து அழ இடம் தேடுகிறவன் என்று எல்லாரும் வருவார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கெட்டில், கிழிந்த சோபாக்கள். கடைசியில் வந்தவர் கோப்பை கழுவ வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். நெட்டையின் அக்கா வேதியியல் ஆராய்ச்சி மாணவி. முதலில் கீழே டீ குடிக்கத்தான் போனாள், பிறகு மேலே பாடப் போனாள். சாமிக்காகப் போகிறாளா, சூடான டீக்காகப் போகிறாளா என்பது அந்தச் சாமிக்கே தெரியாது என்று அவளுடைய அம்மா கிண்டல் செய்வாராம். அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். குழுவின் வெள்ளை அங்கிகள் அவரிடம்தான் வரும். யார் பயந்து பாடுகிறார்கள், யார் தைரியமாகப் பாடுகிறார்கள் என்று காலர் வியர்வையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார்.

பழக்கம் இதுதான். மாலை ஜெபம் முடியும்போது போதகர் பலிபீடத்திலிருந்து வாசல் வரை ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே நடப்பார். கடைசி விளக்கு அணைந்து கதவு சாத்தப்படும் வரை குழு ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். ஆர்கன் கிடையாது. குரல் மட்டும். அது ஓர் இடத்திலும் அறுந்துவிடக் கூடாது. போதகருக்கோ முட்டி வலி. மெதுவாகத்தான் நடப்பார். எந்த மனிதனுக்கும் அவ்வளவு நீள மூச்சு கிடையாது. அதனால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து நிறுத்துவார்கள். மூச்சு வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டை ஒரு விரலால் ஒரு தடவை அழுத்த வேண்டும். அதற்கு, நான் மூச்சு எடுக்கிறேன், நீ பிடித்துக்கொள் என்று அர்த்தம். மூச்சு எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ந்ததும் இரண்டு தடவை அழுத்த வேண்டும். வந்துவிட்டேன், இனி நீ எடுத்துக்கொள் என்று அர்த்தம். அந்த இரண்டு அழுத்தல் வரும்வரை, நெஞ்சு வெடித்தாலும் நீங்கள் மூச்சு எடுக்கக் கூடாது.

புதிதாகச் சேர்கிற எல்லாரிடமும் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் இதைச் சொல்வாராம். சிடுமூஞ்சி மனிதர். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும்.

"நீங்க இங்க தனியா பாட வரல. பக்கத்துல நிக்கறவங்க மூச்சைக் காப்பாத்திக் குடுக்க வந்திருக்கீங்க. பாட்டு அப்புறம்."

அக்காவின் ஜோடி ஒரு சின்னப் பெண். எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். வெகுதூரத்திலிருந்து படிக்க வந்தவள். இளைப்பு நோய் உண்டு. கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தடவி வைத்திருப்பாள். அவள் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். விரல் அடிக்கடி வந்து அழுத்தும். அக்காதான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வரிசைக்காரர்கள் குருவியைச் சீண்டுவார்கள். அவள் அசர மாட்டாள். என் நுரையீரலை அக்காவிடம் வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்பாள். வயதில் மூத்தவள் என்பதால் அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை வீட்டுக்கு வந்து, அம்மாவின் இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து படிப்பாள். அங்கே எப்போதும் கதகதப்பாக இருக்கும் அல்லவா.

அந்தக் குளிர்காலத்தில் குருவிக்கு இருமல் வந்தது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டுக்குச் சொல்லியாயிற்று. அவளுடைய அம்மா கிளம்பிவிட்டார். ஆனால் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். பாடகர் குழு முறைபோட்டுக்கொண்டு கூடவே இருந்தது. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவார்.

கடைசி முறை அக்காவுடையது.

முகத்தில் பிராணவாயு மாஸ்க். அதற்குள்ளிருந்து ஒரு சத்தம்... காலிக் கோப்பையை உறிஞ்சுகிற மாதிரி. குருவியின் கண் கதவிலேயே இருந்தது. யார் உள்ளே வந்தாலும் பார்ப்பாள். அம்மா இல்லை என்று தெரிந்ததும் கண் திரும்பிவிடும். அவளால் முடியவில்லை. மூச்சுக்கு அடித்துக்கொள்கிற ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நர்ஸ் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள். குழுவில் ஆயிரம் தடவை சொன்னதுதான்.

"நீ மூச்சு எடுத்துக்கோ. நான் பிடிச்சுக்கறேன்."

குருவியின் விரல் அவள் மணிக்கட்டுக்கு நகர்ந்து வந்தது. ஒரு தடவை அழுத்தியது.

கொஞ்ச நேரத்தில் அந்த உறிஞ்சல் சத்தம் நின்றது. முகம் தெளிந்துவிட்டது. தூங்குகிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். நர்ஸ் ஓடி வந்து, டாக்டர் வந்து, அவர்கள் எல்லாம் முடித்துவிட்டு விலகி நின்ற பிறகும், அக்கா மணிக்கட்டை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாளாம். கிளம்பலாம் என்று தோளைத் தொட்டார்கள். இன்னும் அவள் இரண்டு தடவை அழுத்தவில்லையே என்றாள். யாருக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாலை.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. நடு இரவில் எழுந்தபோது மகளின் அறையிலிருந்து உம்ம்ம் என்று வந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். கட்டிக்கொண்ட கைக்கு அடியில் நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விளக்கைப் போட்டார். அக்கா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. அம்மா கூப்பிட்டதும் பதில் சொன்னாள். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே... ஒரு வாய் எடுத்தாள். அவ்வளவுதான். அமைதியானதும் திரும்பத் தொடங்கிவிட்டது.

அதிலிருந்து அம்மாவும் நெட்டையும் ஒரு வழி செய்தார்கள். பேச்சுக் கொடுத்தால் நிற்கிறது. அப்படியானால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். ரேடியோ வைத்துப் பார்த்தார்கள். உதவவில்லை. அவள் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம். அம்மா சலவைக் கடைக் கதைகளைச் சொல்வார். கோட்டுப் பையில் பல்செட்டை மறந்துவிட்டுப் போன பேராசிரியர், யாருடைய சட்டையில் யாருடைய லிப்ஸ்டிக் கறை என்று எதையும் விடவில்லை. நெட்டைக்குக் கதை தெரியாது. அன்றைக்கு வேன் போன முகவரிகளை வரிசையாகச் சொல்லி, இது எந்தத் தெரு, அது எந்தத் திருப்பம் என்று கேள்வி கேட்பான். இருவரும் மாறி மாறி விழித்தார்கள். மனிதர்கள்தானே... கண் சொருகும். சொருகியதும் உம்ம்ம்.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். துக்கம் என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூங்கினாள். தூங்கினால் பதில் சொல்ல மாட்டாள். அதனால் அம்மா மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார்.

விட்டுவிடேன் என்று நெட்டை கெஞ்சினான். காலைப் பிடித்தான் என்றே சொன்னான். அவள் சொன்ன பதிலை என்னிடம் சொல்லும்போது, சாலையில் என்னோடு நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான்.

"நான் விட்டுட்டா, திரும்பி வரும்போது அவ எங்கடா வந்து சேருவா?"

கடைசியில் அம்மா சிற்றாலயத்துக்குப் போனார். இஸ்திரி போட்ட அங்கிகளைக் கையில் தொங்கவிட்டபடியே போய்ப் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னார். போதகர் நீளமாகப் பேசுகிற ஆள் இல்லை. இதற்கென்று என்னிடம் ஜெபம் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கொயர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். கீழ்த்தளத்தில் குழு முழுவதும் உட்கார்ந்து பேசியது. கொயர் மாஸ்டர்தான் வழி சொன்னார். ஒருத்தரால் முடியவில்லை என்றால் பக்கத்தில் இன்னொருத்தர் பிடித்துக்கொள்வதுதானே முறை? மாலை ஜெபத்தில், கடைசி ஸ்வரத்தின்போது, குருவி நின்ற இடத்தில் யாராவது ஒருத்தர் நிற்க வேண்டும். அக்காவிடமிருந்து ஸ்வரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். நான் நிற்கிறேன், நீ நில் என்று போட்டியே நடந்ததாம்.

அந்த மாலை வந்தது. போதகர் முதல் விளக்கை அணைத்தார். குழு ஸ்வரத்தைப் பிடித்தது. அக்கா தன் இடத்தில் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து இடம் காலி.

இரண்டாவது விளக்கு அணைந்தது. யாரும் நகரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலி இடத்திலிருந்து தைல வாசனை வந்தது என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். புதிதாகத் தடவிய மாதிரி... கண் எரிகிற அளவுக்கு. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. அக்காவின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. கடைசி விளக்கு மட்டும் மீதி.

கடைசி வரிசையில் அம்மாவோடு நெட்டை உட்கார்ந்திருந்தான். வேன் கம்பெனி ஜாக்கெட்டோடு. அவனுக்குப் பாட வராது. வகுப்பில் விசிலடித்தால்கூட நாங்கள் அடிக்க வருவோம். எழுந்து நேராகப் போய்க் குருவியின் இடத்தில் நின்றான். அக்காவின் கையைப் பிடித்தான்.

"நீ மூச்சு எடுத்துக்கோக்கா. நான் பிடிச்சுக்கறேன்."

அவளுக்கு மனமில்லை. தலையை ஆட்டினாள். ஆனால் விரல் தானாகப் போய் ஒரு தடவை அழுத்தியது.

அக்கா மூச்சு எடுத்தாள். ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே சரிந்தாள். பதறிப்போய்க் குழு முழுவதும் பாடுவதை நிறுத்திவிட்டது. அந்தச் சிற்றாலயத்தில் ஸ்வரம் அறுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இல்லை... அறுபடவில்லை. எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. துளிகூடப் பிசகாத சுருதி. நெட்டையின் மூடிய வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கொயர் மாஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். போதகர் கடைசி விளக்கை அணைக்கவில்லை. இன்றுவரை அதை அணைப்பதில்லையாம்.

அக்கா இரண்டு நாள் தூங்கி எழுந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. எழுந்ததும் முதல் வேலையாகத் தம்பியின் கையைத் தேடினாள். இரண்டு தடவை அழுத்திவிட்டால் ஸ்வரம் திரும்ப அவளிடம் வந்துவிடும் அல்லவா. நெட்டை இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். அப்புறம் வீட்டில் அவன் கையை வெளியே எடுக்கவே இல்லை.

அந்த நாட்களில்தான் அவன் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. வரைந்துகொண்டிருக்கும்போது உம்ம்ம் என்று ஒரு சத்தம் வரும். தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட் என்று நினைத்தேன். ஆசிரியரிடம் எழுந்து நின்று, சார், அந்த லைட்டை மாற்றச் சொல்லுங்கள், வேலையே ஓடவில்லை என்று புகார்கூடச் செய்தேன். நெட்டை என்னைப் பார்த்துச் சிரித்தான். உதடு என்னடா நீலமாக இருக்கிறது, மையைக் குடித்தாயா என்று கேட்டேன். குளிர் என்றான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் வந்தான். படிக்க இல்லை. வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான். உதடு பழையபடி ஆகியிருந்தது. நன்றாக மூச்சு விட்டான். வகுப்பு முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். அப்போதுதான் இவ்வளவும் சொன்னான். எல்லாம் கேட்டுவிட்டு, இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். யாரிடம் கொடுத்தாய் என்றேன்.

"நான் குடுக்கல. எடுத்துக்கிட்டாங்க."

வண்டி ஓட்டிவிட்டு வந்தவன் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருக்கிறான். பையிலிருந்து ஒரு கை நழுவி வெளியே தொங்கியிருக்கிறது. விழித்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். அவனுடைய விரலும் தூக்கத்திலேயே அழுத்தி முடித்திருந்தது.

அம்மாவுக்கு ஒரு பாட்டுகூடத் தெரியாது.

அப்புறம் சலவைக் கடையிலிருந்து நீளக் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்தார். நீராவி சுடாமலிருக்க முழங்கை வரை போடுகிறார்களே, அது. சமைக்கும்போதும் கழற்றவில்லை. தூங்கும்போதும் கழற்றவில்லை. அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், மணிக்கட்டு எப்போது வெளியே தெரியும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இருவரும் மாறி மாறி அம்மாவிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் வகுப்பை விட்டான். போதகரும் வந்தார். என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டினார். ஐயா, உங்களுக்கு ஏற்கெனவே முட்டி வலி, இது வேறு எதற்கு என்று அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

நான் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உதவலாம் என்றா, நம்பிக்கையில்லாமல் சரிபார்க்கவா...

அம்மா கதவைத் திறந்தார். குள்ளமான மனுஷி. கையில் அந்தக் கையுறை. உள்ளே வா என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் வகுப்பில் ட்யூப்லைட்டை மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். நெட்டை சொல்லியிருக்கிறான். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. அவர் சிரித்தார். உதடுதான் சிரிப்போடு சேரவில்லை. நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

டீ குடித்தோம். மூன்று பேரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்குவார். எனக்கு முதலில் கலகலப்பான வீடு என்றுதான் பட்டது. பிறகுதான் கவனித்தேன். அக்கா, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் பேச்சு தற்செயலாக நின்றது. கெட்டில் ஆறுகிற சத்தம். அதற்குக் கீழே... நான் ட்யூப்லைட்டைப் பார்க்கவில்லை. அந்த அறையில் குண்டு பல்பு.

அக்கா உடைந்துவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கையுறையைப் பிடித்து இழுத்தாள். அம்மா விடவில்லை.

"போதும்மா. அவ வர மாட்டாம்மா. விட்டுடும்மா."

அம்மா மெதுவாக மகளின் விரல்களைக் கையுறையிலிருந்து பிரித்தெடுத்தார்.

"அவ அம்மா வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிடுச்சு. இங்க ஒரு அம்மாவாவது இருந்துட்டுப் போறேனே."

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

நான் கிளம்பியபோது மூன்று பேருமே நிறுத்தம் வரை வந்தார்கள். அம்மாவைத் தனியாக விட மாட்டார்கள். இருட்டிவிட்டது. தெருவிளக்கு ஒன்றுதான். நல்ல குளிர். பேசப் பேச எங்கள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நெட்டை வாயிலிருந்து, அக்கா வாயிலிருந்து, என் வாயிலிருந்து. அம்மாவும் பேசிக்கொண்டுதான் இருந்தார். என் கோட்டு எந்தக் கடைச் சலவை, யார் இப்படிக் காலரைக் கொலை செய்தது என்று திட்டிக்கொண்டிருந்தார். அவர் வாய்க்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது. தெருவிளக்கு வெளிச்சம் தடங்கலில்லாமல் முகத்தில் விழுந்தது.

தூரத்தில் பேருந்தின் வெளிச்சம் தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்த நெட்டையும் அக்காவும் சாலை ஓரத்துக்குப் போனார்கள்.

அந்த ஒரு நொடி அம்மா அவர்கள் முதுகைப் பார்த்தார். பிறகு, திருட்டுத்தனம் செய்கிற சின்னப் பிள்ளை மாதிரி, வலது கையுறையைச் சட்டென்று கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் காலரை அவரால் அப்படியே விட முடியவில்லை. வெறும் விரலால் மடிப்பை நீவினார். விரல் பனிக்கட்டி மாதிரி இருந்தது. மணிக்கட்டு என் கண்ணுக்கு நேரே. மெல்லிய தோல். நீல நரம்பு.

யூகலிப்டஸ் வாசனை வந்தது.

முதலில் மரங்களிலிருந்து என்று நினைத்தேன். அங்கே மரமே இல்லை. கண் எரிந்தது.

அந்த மணிக்கட்டில், நரம்புக்குப் பக்கத்தில், தோல் உள்ளே அமுங்கியது. சின்னப் பள்ளம். ஒரு விரல்நுனி அளவுக்கு. அங்கே யாருடைய விரலும் இல்லை. என் இரண்டு கையும் என் பையில்தான் இருந்தன... அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பள்ளம் மெதுவாக நிரம்பித் தோல் சமமாயிற்று.

எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இன்னொரு தடவை அமுங்க வேண்டும். இரண்டு தடவை என்றால் வந்துவிட்டாள். இரண்டு தடவை என்றால் அம்மா மூச்சு எடுக்கலாம். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் ஏறச் சொன்னார். அப்புறம் திட்டினார். கதவு மூடியது. பேருந்து போய்விட்டது.

தோல் அசையவில்லை.

அம்மா கக்கத்திலிருந்து கையுறையை எடுத்தார். முழங்கை வரை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டார். நெட்டையும் அக்காவும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காத குரலில், என்னைப் பார்க்காமல், தன் இடுப்புயரத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போலக் குனிந்து சொன்னார்.

"சரிம்மா... எடுத்துக்கோ. அவசரமில்ல."